என் இரண்டு பனியன்களும் ஓர் அடி மேல்மண்ணும்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் வாயால் கேட்டால் கூட்டிச் சொல்வார்கள். நான் சொன்னால் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம், அந்த ஒரு லாபம்தான். காய்கறித் தோட்டம் போடுவதற்காக நிலத்தைத் திமிசுக்கட்டையால் அடித்து இறுக்கிய ஆள் நான். மேலாக்கில் கிடந்த நல்ல மண்ணை வழித்து வெளியே கொட்டினேன். அடியில் இருந்த மண்ணில் தண்ணீர் தெளித்து, மாணவர்களை வரிசையாக நிற்கவைத்து இடிக்கச் சொன்னேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து, "சபாஷ், பம்பரம் விடலாம்" என்று பாராட்டினேன். அதற்குப் பிறகுதான் கீரை விதையைத் தூவினோம். ஒரு கத்திரிச் செடி நாலு மாடிக் கட்டிடத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்து உட்கார்ந்தாலும் இம்மி இறங்காது. அப்படி ஒரு தோட்டம்.

நான் சிவில் இன்ஜினியரிங் வாத்தியார். சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு கல்லூரி. அங்கே "எரிசக்தி, சுற்றுச்சூழல், நீடித்த வேளாண்மை" என்று ஒரு பாடம் வந்து சேர்ந்தது. யார் நடத்துவது என்று துறையில் கூட்டம் போட்டார்கள். பாதியில் நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். இருபது வருடச் சர்வீஸில் அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

எரிசக்தி பிரச்சினையில்லை. வகுப்பு ஜன்னலைத் திறந்தால் காற்றாலைகள் தெரியும். சுற்றினால் ஏன் சுற்றுகிறது, நின்றால் ஏன் நிற்கிறது என்று ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். சுற்றுச்சூழலுக்கு கேண்டீன் பின்னால் ஓடும் கழிவுத் தண்ணீர் போதும். வேளாண்மைதான் இடித்தது. விவசாயத்தில் எனக்கு இருந்த அனுபவம், இந்த ஊர்ப் பிரியாணியில் கிடக்கும் புதினாவை ஒதுக்கி வைப்பதோடு சரி.

அந்த வகுப்பில் ஒரு பெண். பனவடலிசத்திரம் பக்கத்துக் கிராமம். அதிகம் பேசமாட்டாள், பேசினால் கேள்வியாகத்தான் பேசுவாள். ஆனி மாசத்தில் ஒருநாள் எழுந்து நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம். எங்க காட்டுல மேலாக்க ஒரு அடி மண்ண எடுத்துக்கிடுதேன்னு ஒரு காண்ட்ராக்டர் கேக்காரு. வீடு கட்டுத எடத்துல நிரப்பவாம். பதிலுக்கு காட்ட மட்டம் பண்ணிக் குடுத்துருவாராம். எங்கப்பா என்னயக் கேக்காங்க. ஒரு அடி போச்சுன்னா வெள்ளாம வருமா சார்?"

எங்கள் பக்கத்தில் காடு என்றால் மரம் அடர்ந்த வனம் இல்லை, மானாவாரி நிலம். மழையை நம்பி உளுந்தோ பாசிப்பயறோ போடும் செவக்காடு, செம்மண் பூமி.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார்களுக்கு அந்த வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். "ஏம்மா, ஒரு அடிக்குக் கீழ என்ன இருக்கு, பிளாஸ்டிக்கா? அதுவும் மண்ணுதானே. மண்ணுன்னா மண்ணுதான்" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் நான் சொன்னதை அப்படியே அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் காண்ட்ராக்டருக்குச் சரி சொல்லிவிட்டார். புரட்டாசியில், மழைக்கு முன்னால், மண் அள்ளும் வண்டி வருவதாகப் பேச்சு.

இது நடந்து கொஞ்ச நாளில்தான் மேற்படி தோட்டம். நான் வேண்டுமென்று கிறுக்குத்தனம் பண்ணவில்லை. எங்கள் தொழிலில் அதுதான் ஒழுக்கம். எதைக் கட்டுவதானாலும் முதலில் மேல்மண்ணை வழித்து எறி. அதில் வேர் இருக்கும், இலைமக்கு இருக்கும், புழு இருக்கும். நாளைக்கு அது அழுகினால் மேலே இருப்பது இறங்கும். ஆகவே "ஆகாத மண்". மிச்சத்தை ஈரப்படுத்தி இடி. காற்றுப் போகக்கூடாது, தண்ணீர் போகக்கூடாது. மூன்று வருடமாக இதைக் கேட்டுப் பழகிய பிள்ளைகளிடம் மண்வெட்டியைக் கொடுத்தால் அவர்கள் வேறு எதைச் செய்வார்கள்? மேல்மண்ணை வழித்து, கேண்டீன் பின்னால் இருந்த பள்ளத்தில் கொட்டினார்கள். தோட்டத்துக்கு நூல் பிடித்து நாலு மூலையும் மூலைமட்டத்தில் சரி பார்த்தார்கள். எங்கள் கல்லூரியில் அவ்வளவு சுத்தமாகச் செய்யப்பட்ட வேலை வேறு இல்லை.

தண்ணீர் ஊற்றினோம். ஊற்றிய தண்ணீர் உள்ளே போகவில்லை, கண்ணாடி மாதிரி மேலேயே நின்றது. கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பையன், வகுப்பின் வாய், குனிந்து அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டான்.

"மாஷா அல்லாஹ், சார். தோட்டமும் ஆச்சு, சலூனும் ஆச்சு."

"சீப்ப உள்ள வைடே. நாளைக்கு முளைக்கும் பாரு."

முளைக்கவில்லை. விதை மிதந்து ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. திரும்பவும் விதைத்தோம். அங்கங்கே ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தன. காமாலை கண்ட மாதிரி மஞ்சளாக நின்றன, பிறகு ஒருநாள் தலை சாய்த்துப் படுத்துவிட்டன. விதை சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் அதே பையிலிருந்து இன்னொரு கை அள்ளிக் கொடுத்து அனுப்பினார். அதுவும் படுத்தது.

ஆடி கழிந்து ஆவணி பிறந்தது. ஒருநாள் மத்தியானம் கேண்டீனில் கீரைக் கூட்டு. நான் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

"அருமையா இருக்கே. கீரை எங்க வாங்குனது?"

கேண்டீன்காரர் கையால் பின்பக்கம் காட்டினார். "வாங்கலையே சார். நீங்க கொட்டுன மண்ணுல மண்டிக் கிடக்கு. நாங்க அறுத்து அறுத்துப் போடுதோம்."

கை கழுவாமல் பின்னால் ஓடினேன். நாங்கள் "ஆகாதது" என்று எறிந்த குவியல். அதில் குப்பைக்கீரை முழங்கால் உயரம். யாரும் விதைக்கவில்லை. நூல் பிடிக்கவில்லை. இரண்டு தக்காளிச் செடி, ஒரு பூசணிக் கொடி, அது மதில் ஏறி எங்கள் மட்டமான மைதானத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிக்கிற மாதிரி இருந்தது என்று எழுதினால் கவிதை என்பீர்கள். ஆனால் சிரித்தது.

கழிவுத் தண்ணீர் பாய்வதால்தான் இப்படி என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே தண்ணீரைத் தோட்டத்துக்கும் திருப்பிவிட்டுப் பார்த்தோம். தோட்டம் நாறியதே தவிர முளைக்கவில்லை. ஒரே இடத்து மண், ஒரே வெயில், ஒரே தண்ணீர். ஓர் அடி உயர வித்தியாசம்தான். அப்படியானால் அந்த ஓர் அடியில் என்னதான் இருக்கிறது?

இத்தனை வருடத்தில் மண்ணைப் பற்றி எனக்கு வந்த முதல் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். மண் எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு அமுங்கும், எவ்வளவு வீங்கும், எல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டு, ஒரு துளி வாயிலும் போட்டுக்கொள்கிறவன்தான். வெளியே வந்து செருப்பைப் போட்டதும் மண் எனக்கு எதிரியாகிவிடும்.

வகுப்பைக் குவியலுக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பெண் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள். பிறகு தோட்டத்திலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்து மோந்து பார்த்தாள். இரண்டையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒன்றில் முதல் மழை வாசம். மற்றதில் ஒன்றுமே இல்லை, செங்கல்லை மோந்த மாதிரி.

"சார், எங்க காட்ட எடுத்துட்டா, மிஞ்சுதது இதா?"

"மண்ணுன்னா மண்ணுதான்" என்று சொன்ன வாய் என்னுடையது. அந்த வாயை நம்பி ஒரு குடும்பம் நிலத்தைச் சுரண்டக் கொடுக்கப் போகிறது.

"கண்டுபிடிப்போம்" என்றேன். அதன்பிறகு அந்த வகுப்பில் பாடம் நடக்கவில்லை, விளையாட்டு நடந்தது. அடிப்பாகம் வெட்டிய டப்பாவை மண்ணில் செருகித் தண்ணீர் ஊற்றினோம். குவியலில் ஊற்றியது மடக்கென்று இறங்கியது. தோட்டத்தில் ஊற்றியதைப் பார்த்துக்கொண்டே ஒருவன் டீ குடித்துவிட்டு வந்தான், அப்போதும் பாதி நின்றது. இரண்டு மண்கட்டியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டோம். தோட்டத்துக் கட்டி கரைந்து டம்ளர் முழுக்கச் சாயம் ஆனது. குவியல் கட்டி, உள்ளே யாரோ கைகோத்துப் பிடித்திருக்கிற மாதிரி அப்படியே இருந்தது. யார் பிடித்திருக்கிறார்கள்? புழுவா, வேரா, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையா? பிள்ளைகள் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார்கள். நான் முதல்முறையாகத் "தெரியலையே" என்று சொன்னேன். வாயில் சிக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் எங்கேயோ படித்த ஒரு சோதனை ஞாபகம் வந்தது. சுத்தமான பருத்தித் துணியை மண்ணுக்குள் புதைத்து வைப்பது. மண்ணில் உயிர் இருந்தால் அது துணியைத் தின்றுவிடும். இல்லையென்றால் துணி பத்திரமாக இருக்கும்.

"துணிக்கு எங்க போக?" என்றேன்.

கடையநல்லூர்க்காரன் என் சட்டைக் காலரை எட்டிப் பார்த்தான். "பனியன் போதும் சார். ஆனா அசல் பருத்தியான்னு பாக்கணும். எங்க மாமா ஜவுளிக் கடைல நூலக் கொளுத்திப் பாப்பாங்க. காகிதம் மாதிரி எரிஞ்சா பருத்தி. உருகிச் சொட்டினா டூப்ளிகேட்."

மறுநாள் இரண்டு பனியன் கொண்டுபோனேன். பையன் ஒரு நூலை உருவிக் கொளுத்தி மோந்துவிட்டு, "அசல்தான். சார் உள்ளுக்குள்ள வசதியாத்தான் இருக்காக" என்று அறிவித்தான். ஒன்றைக் குவியலிலும் மற்றொன்றைத் தோட்டத்திலும் ஒரே ஆழத்தில் புதைத்தோம். தோட்டத்தில் குழி தோண்டக் கடப்பாரை தேவைப்பட்டது.

வீட்டில் மனைவி, "பனியன் ரெண்டக் காணோமே" என்றாள். "பொதச்சாச்சு" என்றேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. என்னோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

புரட்டாசி பாதியில் தோண்டினோம். மொத்தத் துறையும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. தோட்டத்துப் பனியன் முழுசாக வந்தது. செம்மண் நிறம் ஏறியிருந்ததே தவிர ஒரு பொத்தல் இல்லை.

"ஒரு அலசு அலசிட்டுப் போட்டுக்கிடலாம் சார்" என்றான் கடையநல்லூர்க்காரன்.

குவியலில் கையை விட்டான். துழாவினான். கடைசியில் எடுத்தது கழுத்துப் பட்டையும் ஓரத் தையலும் மட்டும். அதுவும் தைத்த நூல் பாலியெஸ்டர் என்பதால் மிஞ்சியது. நடுவில் பனியன் என்று ஒன்று இல்லை. தையல் வட்டத்துக்குள் ஒரு மண்புழு நெளிந்தது, என் பனியனைப் போட்டுப் பார்க்கிற மாதிரி. எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தப் பெண் மட்டும் தட்டவில்லை. "சார், வெள்ளிக்கெழம வண்டி வருது" என்றாள்.

இரண்டு பனியன்களையும் பையில் போட்டுக்கொண்டு அன்றைக்கே கிளம்பினேன். அவளும் கடையநல்லூர்க்காரனும் பஸ்ஸில் வந்தார்கள். அவளுடைய அப்பா பூச்சந்தைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மழைக் காலத்தில் மட்டும் காடு. அப்போதுதான் சந்தையிலிருந்து திரும்பி, வண்டியில் ஒட்டியிருந்த பிச்சிப் பூவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். என்ன இம்புட்டுத் தூரம் வந்திருக்கிய?"

"அண்ணாச்சி, அந்த மேல்மண்ண எடுக்க விட்டுறாதிய. கெட்டுப்போகும்."

அவர் குழாயை மூடினார். மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மண்ணுன்னா மண்ணுதான்னு சொன்னியளாம்ல?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

"இப்ப சொல்லுததும் தப்புன்னு அடுத்த மாசம் வந்து சொல்ல மாட்டியள்ல? நான் எந்தச் சார நம்ப, ஆனி மாசத்துச் சாரையா, புரட்டாசி மாசத்துச் சாரையா?"

கடையநல்லூர்க்காரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

நான் பையைத் திறந்து இரண்டையும் வண்டியின் பின்பலகையில் விரித்தேன். முழுப் பனியன் ஒன்று, வெறும் தையல் ஒன்று. நடந்ததைச் சொன்னேன். அவர் தையலை விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒங்க பனியன்தானா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒண்ணா பொதச்சதா?"

"ஆமா."

"இதையா மண்ணு தின்னுச்சு?"

"மண்ணு இல்லப்பா, மண்ணுக்குள்ள இருக்க உசுரு" என்றாள் மகள். "அது மேலாக்கதான் இருக்கு. அத வழிச்சிட்டா நம்ம காடும் இந்தப் பனியனப் பொதச்ச எடம் மாதிரிதான்." முழுப் பனியனைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் தையலைப் பலகையில் வைத்தார். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "உசுரு இருக்கட்டும் சார். நான் மண்ண விக்கணும்னா ஒத்துக்கிட்டேன்? காடு கெழக்க சரிஞ்சு கெடக்கு. பெய்யுத மழை பூராவும் ஓடிருது. மேக்க போட்ட உளுந்து பூக்கும்போதே காஞ்சிருது. அவரு மட்டம் பண்ணித் தாரேன்னாரு. வேண்டாம்னு சொல்லிட்டா, என் தண்ணிக்கு ஒங்க பனியனா பதில் சொல்லும்?"

நியாயமான கேள்வி. மண்ணில் உயிர் இருக்கிறது என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில், அந்த உயிருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை மறந்திருந்தேன். அவள்தான் பேசினாள்.

"காட்ட மட்டம் பண்ண வேண்டாம்ப்பா. வரப்ப மட்டமாப் போடுவோம். ஒரே உசரத்துல இருக்க எடத்தக் கண்டுபிடிச்சு, அது வழியாவே வரப்பு. தண்ணி ஓட வழியிருக்காது. வரப்பு வரப்பா நிக்கும்." என் பக்கம் திரும்பினாள். "ரோட்டுக்கும் அணைக்கும் நீங்க வரையச் சொல்லுதது தான சார்?"

ஆமாம், நான் நடத்துவதுதான். கரும்பலகையில் வளைவு வளைவாகச் சமஉயரக் கோடு போட்டு, "தேர்வுக்கு முக்கியம்" என்று அடிக்கோடும் இடுவேன். அதை உளுந்துக்குப் போடலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் அங்கேயே நின்று காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு, வண்டி வேண்டாம் என்றார். மறுமுனையில் சத்தம் எங்களுக்கும் கேட்டது. இப்போது விட்டால் மழை வந்துவிடும், அப்புறம் வண்டி காட்டுக்குள் இறங்காது, அடுத்த வருஷம் கேட்டாலும் வரமாட்டேன் என்று காண்ட்ராக்டர் கத்தினார். "சரிய்யா" என்று வைத்துவிட்டு அவள் அப்பா என்னிடம் சொன்னார்: "மழைக்குத் தண்ணி நிக்கலைன்னா, சார், இந்தப் பனியனப் போட்டுக்கிட்டு நீங்கதான் வந்து கொடத்துல ஊத்தணும்."

அவர் சிரிக்கவில்லை. அந்த வருட உளுந்தை என் கையில் கொடுத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாளிலிருந்து மொத்த வகுப்பும் காட்டில். முக்காலியில் மட்டம் பார்க்கும் கருவி, எதிரே அளவு போட்ட நீளக் கோலோடு கடையநல்லூர்க்காரன். "மேல ஏறுடே, இன்னும் கொஞ்சம், நில்லு" என்று அந்தப் பெண் கத்த, அவன் நின்ற இடத்திலெல்லாம் சுண்ணாம்புப் பொடி தூவினோம். கோடு பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போனது. சாலையில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏலே, பட்டப்பகல்லயே தண்ணி போட்டுட்டா கோடு போடுதிய?"

"மாமா, இதுதான் நேர்கோடு. தண்ணிகிட்ட கேட்டுப் பாருங்க" என்றான் கடையநல்லூர்க்காரன்.

என் கை சும்மா இருக்கவில்லை. ஓர் இடத்தில் வளைவு அசிங்கமாக இருக்கிறதே என்று சுண்ணாம்பை நேராக்கப் போனேன். அவள் அளவுகோலைக் குறுக்கே நீட்டி மறித்தாள். இருபது வருடப் பழக்கம், விடாது. ஒவ்வொரு வரப்புக்கும் ஓரத்தில், அளவுக்கு மிஞ்சிய தண்ணீர் வரப்பை உடைக்காமல் வழிந்து போகக் கல் பதித்து வாய் விட்டோம். கல் பதிக்கும்போது மட்டும் என்னை அனுமதித்தார்கள். இடிக்கவும் விட்டார்கள். என் திமிசுக்கட்டைக்கு அங்கே ஒரு முழ அகலத்தில் வேலை கிடைத்தது. அவளுடைய அப்பா டிராக்டர் வைத்து வரப்பைக் கட்டி முடித்தார். உளுந்து விதைத்தார். பிறகு அப்பாவும் மகளும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன், என் வீட்டு மொட்டைமாடியில்.

ஐப்பசி பிறந்தும் மழை வரவில்லை. நாலு தூற்றல் போட்டது, புழுதி அடங்கவில்லை. மேகம் வந்து விசாரித்துவிட்டுப் போனது. அந்தப் பெண் வகுப்பில் என்னைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள், ஜன்னலைத்தான் பார்த்தாள். நான் தினமும் காலையில் பீரோவைத் திறக்கும்போது, அலசி மடித்து வைத்த அந்தச் செம்மண் பனியன் கண்ணில் படும். குடம் எங்கே இருக்கிறது என்றும் ஒருநாள் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பிற்பகல் வகுப்பில் காற்றாலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே காற்றாலையே தெரியவில்லை. பனவடலிசத்திரம் பக்கம் வானம் கறுத்துத் தரையோடு ஒட்டியிருந்தது. எங்கள் கூரையில் விழுந்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கொட்டு கொட்டென்று கொட்டியது. யாரும் நோட்டைப் பார்க்கவில்லை.

சத்தம் கொஞ்சம் தணிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் போன் கூடாது என்று சட்டம் போட்டவன் நான். மேஜை மேல் போனை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பெண் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். மணி வெகுநேரம் அடித்த பிறகு அவள் அப்பா எடுத்தார். மழை இரைச்சலும், சகதியில் கால் புதைந்து எழும் சத்தமும் கேட்டன.

"அண்ணாச்சி, நல்ல மழையா? வரப்பு தாங்குதா? மேக்க முத வரப்புல தண்ணி நிக்குதா, இல்ல கெழக்க ஓடிருச்சா? கல்லு வச்ச வாய் வழியா வழியுதா? ஒடப்பு எதுவும் இல்லையே? நான் வேணும்னா பிள்ளையளக் கூட்டிக்கிட்டு இப்பமே பொறப்பட்டு..."

"தண்ணி நிக்கு சார், போன வைங்க."